சிரித்து மழுப்பியது நயவஞ்சகமா?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். பழைய வண்ணாரப்பேட்டையில் கூட்டுக்குடும்பமாக இருக்கிறோம். அண்ணனுக்கு நிக்காஹ் பேசி முடித்திருக்கிறார்கள். பெண் வீட்டாரிடம் எங்கள் வீட்டில் 30 பவுனும் பைக்கும் கேட்டிருக்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் எல்லோரும் சந்தோஷமாகச் சிரித்தபோது நானும் சிரித்தேன். நான் முனாஃபிக் (நயவஞ்சகர்) ஆகிவிட்டேனா? (பெயர் வேண்டாம்)

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம். அந்தப் பேரை உங்களுக்கு நீங்களே வைத்துக்கொள்ளாதீர்கள் சகோதரி. முனாஃபிக்கின் அடையாளமாக நபி (ஸல்) அவர்கள் மூன்றைச் சொன்னார்கள்: பேசினால் பொய், வாக்குக் கொடுத்தால் மீறுவது, நம்பி ஒப்படைத்ததில் மோசடி. பயந்து வாயை மூடிக்கொண்டது அதில் இல்லை.

அந்தப் பயமும் எனக்குப் புரிகிறது. நம் சந்துகளில் ஒரு வீட்டில் குரல் உயர்ந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். மறுநாள் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும்போது, "அந்தப் பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி" என்பார்கள். நாளைக்கு உங்களுக்கு வரன் பார்க்கும்போதும் அந்தப் பேச்சு வரும்.

1951-ல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் ஒரு சோதனை வெளியிட்டார். ஒரே நீளமுள்ள கோடு எது என்பதுதான் கேள்வி. முன்பே பேசிவைத்திருந்த கூட்டம் தப்பாகச் சொன்னதும், கண்ணுக்கு நன்றாகத் தெரிந்ததை விட்டுவிட்டுப் பலர் அவர்களோடு ஒத்துப்போனார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னபோது அது வெகுவாகக் குறைந்தது. அன்று உங்கள் வீட்டில் சிரித்தவர்களிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். அம்மாவிடம் கேட்டுப் பாருங்களேன், அவர் கல்யாணத்துக்கு அவருடைய அத்தா (அப்பா) எதை விற்றார் என்று.

குர்ஆனின் 40-வது அத்தியாயத்தில் எகிப்து மன்னன் ஃபிர்அவ்னின் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் வருகிறார். தம் ஈமானை (இறைநம்பிக்கையை) மறைத்தே வைத்திருந்தவர். மூஸா நபியைக் கொல்லப் போவதாக ஃபிர்அவ்ன் சொன்னபோது வாய் திறந்தார். அதுவரை மறைத்ததற்காக அவரை அல்லாஹ் குறை சொல்லவில்லை. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, நம்மைக் காப்பாற்றிக்கொள்ளச் சும்மா இருக்கலாம், இன்னொருவர் தலை உருளும்போது இருக்கக் கூடாது. இப்போது கடன் வாங்கப் போவது அந்தப் பெண்ணின் அத்தா.

சரி, எப்படிப் பேசுவது? வீடு நிறைய ஆள் இருக்கும்போது வேண்டாம். முதலில் அம்மா. அப்புறம் ஒருநாள் இஷா (இரவுத் தொழுகை) முடிந்த பிறகு அண்ணனைத் தனியாகப் பிடியுங்கள். "மஹர் (பெண்ணுக்கு மாப்பிள்ளை தரும் மணக்கொடை) நாமதான் கொடுக்கணும் அண்ணா, கைக்கூலி (வரதட்சணை) வாங்கக் கூடாது" என்று சொல்லி, அந்நிஸா அத்தியாயத்தின் 4-வது வசனத்தை அவரையே படிக்கச் சொல்லுங்கள். கோபப்படுவார், படட்டும். பத்திரிகை அச்சுக்குப் போவதற்குள் பேசிவிடுங்கள்.