மூன்றரை வயது மகன் இருபது வரை சொல்கிறான், ஆனால் மூன்று எடுத்துத் தா என்றால் கைநிறைய அள்ளித் தருகிறான். கவலைப்பட வேண்டுமா?

வேண்டாம். வீட்டில் யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் ஆனது.

என் மகளுக்கு அப்போது இதே வயது. வயதைக் கேட்டால் மூன்று விரல் காட்டுவாள், நான் வேறு மூன்று விரலைக் காட்டினால் 'அது மூணு இல்ல' என்பாள். ஒருநாள் ஐந்து பட்டன்களை வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றாகத் தொட்டு ஐந்து வரை சரியாகச் சொன்னாள். 'சரி, மொத்தம் எத்தனை?' என்றதும் மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். நான்காவது முறை கேட்டபோது என் குரல் உயர்ந்துவிட்டது, அவள் பட்டன்களைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். அதை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். ஒன்று இரண்டு சொல்வது பிள்ளைக்குப் பாட்டு மாதிரி. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று பிடிபடுவது தனி விஷயம். உளவியலாளர் கேரன் வின் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் பிள்ளைகளிடம் உங்களைப் போலவேதான் எடுத்துத் தரச் சொல்லிப் பார்த்தார். முதலில் ஒன்று மட்டும் சரியாக வருகிறது, சில மாதம் கழித்து இரண்டு, அப்புறம் மூன்று. தெரியாத எண்ணைக் கேட்டால் அள்ளித்தான் தருவார்கள். பெரும்பாலும் மூன்றரை, நான்கு வயது வாக்கில்தான் எண்ணி எடுக்கலாம் என்பது புரிகிறது. அவரே 1992-இல் ஐந்து மாதக் குழந்தைகளுக்கு ஒரு பொம்மையைக் காட்டித் திரையால் மறைத்து, அவர்கள் பார்க்கும்போதே திரைக்குப் பின்னால் இன்னொன்றை வைத்தார். திரை விலகும்போது ஒன்றுதான் இருந்தால் குழந்தைகள் அதிக நேரம் உற்றுப் பார்த்தார்கள். பேச்சு வரும் முன்னரே ஏதோ ஒரு கணக்கு உள்ளே ஓடுகிறது.

நான் டாக்டர் இல்லை, ஆராய்ச்சியைப் படித்தா பிள்ளை வளர்க்கிறாய் என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் படித்திருக்காவிட்டால் அவளைத் தினமும் அழவைத்திருப்பேன். பிள்ளை நன்றாக எண்ணினால் அப்பா மூளை, தடுமாறினால் அம்மா சொல்லித் தரவில்லை என்பார்கள். விருந்தாளி முன் நிறுத்தி எண்ணச் சொல்பவர்களும் இவர்கள்தான். எத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருப்பது?

சரி, உங்கள் மகனிடம் இன்று ஒன்று மட்டும் கேளுங்கள். சரியாகத் தந்தால் கொஞ்சம் விட்டு இரண்டு கேளுங்கள். எங்கே அள்ள ஆரம்பிக்கிறானோ, இப்போதைக்கு அவனுக்குப் பழக வேண்டிய எண் அதுதான்.