படித்த துறையிலேயே வேலை: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களின் கேள்விகள்

ரொறன்ரோவில் வேலைவாய்ப்பு ஆலோசகராக இருக்கிறேன். புதிதாக வந்தவர்கள் கேட்ட சில கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: அக்கா, கோயம்புத்தூரில் சிவில் இன்ஜினியராக இருந்தேன். இங்கே எங்கே போனாலும் "கனடா அனுபவம் இருக்கா?" என்கிறார்கள். இப்போது வேர்ஹவுஸில் இரவு வேலை. லைசென்ஸ் எடுத்தால்தான் துறைக்குள் போக முடியுமா?

பதில்: இல்லை தம்பி. லைசென்ஸ் வேறு, வேலை வேறு. லைசென்ஸ் உள்ள பொறியாளர் ஒருவர் பொறுப்பெடுத்தால் அவருக்குக் கீழே நீங்கள் பொறியியல் வேலை செய்யலாம். ஆனால் லைசென்ஸ் வரும்வரை பெயரோடு 'இன்ஜினியர்' என்று போட்டுக்கொள்ளக் கூடாது. எஸ்டிமேட்டர், டிசைனர், ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டர் என்ற பெயர்களிலும் தேடிப் பாருங்கள்.

கனடா அனுபவம் கேட்பது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். அது பாகுபாடு ஆகும் என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் 2013இலேயே சொல்லிவிட்டது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் வேலை விளம்பரத்தில் அதைக் கேட்கவே கூடாது. பொறியாளர் லைசென்ஸுக்கும் கனடா அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை 2023 மே மாதம் நீக்கிவிட்டார்கள். லைசென்ஸுக்குத் தேவையான 48 மாத வேலை அனுபவத்தில் உங்கள் ஊர் அனுபவமும் சேரும். ஆனால் உங்கள் வேலையை நேரில் அறிந்தவர்கள் அதை உறுதிப்படுத்த வேண்டும். அதனால் பழைய மேலதிகாரிகளோடு தொடர்பை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், புதிதாக வந்தவர்களின் வேலைவாய்ப்புக்கு உதவும் டிரியெக் (TRIEC) அமைப்பின் வழிகாட்டித் திட்டத்தில் சேருங்கள். உங்கள் துறையிலேயே இருக்கும் ஒருவரோடு இணைத்துவிடுவார்கள். விளம்பரத்துக்கு வராத வேலைகள் இப்படித்தான் காதில் விழும்.

கேள்வி: ரெஸ்யூமேயில் போட்டோ, பிறந்த தேதி போடலாமா?

பதில்: வேண்டாம். கல்யாண விவரம், மதம் எதுவுமே வேண்டாம். இரண்டு பக்கம் போதும்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் தாதியாக இருந்தேன். குடிவரவுக்காக எடுத்த வெஸ் (WES) அறிக்கை, அதாவது என் படிப்பைக் கனடாக் கல்வியோடு ஒப்பிடும் சான்று, கையில் இருக்கிறது. அது போதும்தானே?

பதில்: போதாது தங்கச்சி. அது குடிவரவுப் புள்ளிகளுக்கு. தாதியாகப் பதிவு செய்ய ஒன்ராறியோ தாதியர் கல்லூரிக்குத்தான் (College of Nurses of Ontario) விண்ணப்பிக்க வேண்டும். பெயர் கல்லூரி என்றாலும் அது படிக்கும் இடமில்லை, தாதியரைப் பதிவு செய்யும் அமைப்பு. என்கிளெக்ஸ் (NCLEX) என்ற தாதியர் பதிவுப் பரீட்சையும் இருக்கிறது. வெளிநாட்டுத் தாதியருக்கென்றே ரொறன்ரோவில் 'கேர் சென்டர்' இருக்கிறது, முதலில் அங்கே பேசுங்கள். செலவுக்குத் தயங்கி இதைத் தள்ளிப்போட வேண்டாம். வின்ட்மில் என்ற தொண்டு நிறுவனம் இப்படி உரிமம் எடுப்பவர்களுக்கு 15,000 டொலர் வரை கடன் தருகிறது.

கேள்வி: ஏஜென்சி ஒன்று 800 டொலர் கட்டினால் வேலை வாங்கித் தருகிறதாம். கட்டலாமா?

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள். தற்காலிக வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி வேலை பிடித்துத் தர உங்களிடம் பணம் கேட்பது இங்கே சட்டவிரோதம். மாகாண அரசின் வேலைவாய்ப்புச் சேவையான எம்ப்ளாய்மென்ட் ஒன்ராறியோ நிலையங்களில் ரெஸ்யூமே திருத்துவது முதல் நேர்முகப் பயிற்சி வரை எல்லாம் இலவசம்.