ரக்பி டீம் லிஸ்ட் வந்ததும் 10-ஐ தேடாதீங்க, முதல்ல 16, 17, 18 பாருங்க

லண்டன்ல வேலை பார்க்குற ஒரு வாசகர் கேட்டிருக்கார். 2023 உலகக் கோப்பையில இருந்துதான் ரக்பி பார்க்க ஆரம்பிச்சாராம். ஆபீஸ்ல ரெண்டு சவுத் ஆப்பிரிக்காகாரங்க, ஒரு இங்கிலீஷ்காரர். ஒவ்வொரு தடவை டீம் அறிவிச்சதும் சண்டை, இவர் வாயைத் திறந்தா "நீ கிரிக்கெட் மாதிரி பேசுற"ங்கிறாங்களாம். அவரோட கேள்வி: "பொல்லார்ட் (சவுத் ஆப்பிரிக்காவோட 10-ம் நம்பர், கோலுக்கு உதைக்கிறவர்) மாதிரி ஒரு ஆளை முதல்ல ஸ்குவாட்ல விட்டுட்டு, அப்புறம் ஒரு ஹூக்கருக்கு அடிபட்டதும் அந்த இடத்துல போய் அவரை எடுத்தாங்களே, அதுல என்ன லாஜிக்? பெஞ்ச்ல 7 ஃபார்வர்டும் (முன்னாடி முட்டித் தள்ளுறவங்க) ஒரே ஒரு பேக்கும் (பின்னாடி நின்னு ஓடி ஆடுறவர்) வைக்கிறது கெத்தா, பைத்தியக்காரத்தனமா? ஒரு செலக்‌ஷன் சரியா தப்பானு நான் எதை வச்சு பேசணும்?"

உங்க ஆபீஸ் ஆளுங்க சொல்றதுல கொஞ்சம் உண்மை இருக்குங்க. கிரிக்கெட்ல நமக்குப் பழக்கம் பெஸ்ட் லெவன். யாரு நல்லா ஆடுறாங்களோ அவங்க உள்ள, மத்தவங்க தண்ணி பாட்டில் தூக்கணும். ரக்பியில 15 பேர் இறங்குவாங்க, 8 பேர் பெஞ்ச், அந்த 8 பேரும் பெரும்பாலும் ஆடிடுவாங்க, பல மேட்ச்ல கடைசி 30 நிமிஷம் அவங்க கையிலதான் இருக்கு. அதனால இங்க கேள்வி "பெஸ்ட் யாரு"ங்கிறது இல்ல. இந்த 23 பேர்ல ஒருத்தர் மூணாவது நிமிஷம் ஸ்ட்ரெச்சர்ல போனா டீம் நிக்குமா, படுத்துடுமா? கோச் மண்டையில முதல்ல ஓடுறது இதுதான். (நான் கிளப் லெவல்ல ப்ராப் இடத்துல, அதாவது ஸ்க்ரம் முன்வரிசையில ஆடினவன், ஸ்க்ரம் பக்கம் எனக்கு சாய்வு உண்டு, அதைக் கழிச்சுட்டுப் படிங்க.)

சட்டத்துல இருந்தே ஆரம்பிக்கலாம். ஸ்க்ரம்ங்கிறது ரெண்டு டீம் ஃபார்வர்டும் குனிஞ்சு பூட்டிக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் தள்ளுறது. அதுல முன்வரிசையில மூணு பேர்: லூஸ்ஹெட் ப்ராப் (இடது), ஹூக்கர் (நடு), டைட்ஹெட் ப்ராப் (வலது). இந்த மூணு இடத்துக்கும் அதுல பயிற்சி உள்ள மாற்று ஆள் பெஞ்ச்ல இருந்தே ஆகணும், கழுத்து உடையிற விஷயம்ங்கிறதால யாரையோ பிடிச்சு அங்க நிறுத்த முடியாது. ஆக பெஞ்ச்ல 16, 17, 18 ஏற்கனவே பூட்டின சீட்டு. கோச் கையில மிச்சம் இருக்குறது 5 சீட்தான், செலக்‌ஷன் சண்டை மொத்தமும் அந்த 5 சீட்டுக்குத்தான்.

அந்த பூட்டின சீட்டுல ஆள் தீர்ந்துபோனா என்ன ஆகும்னு பார்க்கணும்னா 2022 பிப்ரவரி, டப்ளின், சிக்ஸ் நேஷன்ஸ், அயர்லாந்து எதிர் இத்தாலி. இத்தாலியோட ஹூக்கர் சீக்கிரமே அடிபட்டு வெளிய போயிட்டார். மாத்தா வந்த ஹூக்கருக்கு 20 நிமிஷம் கூட ஆகாம ரெட் கார்டு. இப்ப ஹூக்கரே இல்ல, ஸ்க்ரம் தள்ளாத ஸ்க்ரமா ஆகிடுச்சு, அதோட சட்டப்படி இன்னொரு ஆளையும் வெளிய அனுப்பணும். மொத்தம் 13 பேரை வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் ஆடினாங்க. ஸ்கோர் 57-6. அயர்லாந்து ரசிகர்களுக்கே சங்கடமா இருந்த மேட்ச் அது.

இன்னொண்ணு, 2019 உலகக் கோப்பை ஃபைனல், யோகோஹாமா, இங்கிலாந்து எதிர் சவுத் ஆப்பிரிக்கா. ஆட்டம் தொடங்கி மூணு நிமிஷத்துல இங்கிலாந்தோட டைட்ஹெட் கைல் சிங்க்லர் தலையில அடிபட்டு வெளிய. டான் கோல் உள்ள வந்தார், அதுக்கப்புறம் கிட்டத்தட்ட மேட்ச் முழுக்க அவரே தாங்க வேண்டியதாப் போச்சு. எதிர்ல சவுத் ஆப்பிரிக்கா ப்ராப் "பீஸ்ட்" ம்டவாரிரா. ஒவ்வொரு ஸ்க்ரமும் பின்னாடி போச்சு, பெனால்டி மேல பெனால்டி, பொல்லார்ட் ஒண்ணொண்ணா உதைச்சு அன்னிக்கு மட்டும் 22 பாயிண்ட் எடுத்தார். 32-12. அதே மேட்ச்ல சவுத் ஆப்பிரிக்காவுக்கும்தான் அடி, முதல் பாதியிலயே ஹூக்கர் ம்போனாம்பியும் லாக் (ஸ்க்ரம்ல ரெண்டாவது வரிசை) லூட் டி யாகரும் போயிட்டாங்க. ஆனா உள்ள வந்தது மால்கம் மார்க்ஸும் ஃபிராங்கோ மோஸ்டர்ட்டும், யாரு போனாங்க யாரு வந்தாங்கனே தெரியல. ரெண்டு டீமோட 15-ஐ மட்டும் பக்கத்துல வச்சுப் பார்த்தா வித்தியாசம் அவ்வளவு பெருசா தெரியாது, அதுக்கு முந்தின வாரம்தான் இங்கிலாந்து நியூசிலாந்தையே அடிச்சுட்டு வந்திருந்தாங்க. 

சரி, பொல்லார்ட் கதைக்கு வருவோம், உங்க கேள்வியே அதுதான்.

2023 ஆகஸ்ட்ல சவுத் ஆப்பிரிக்கா 33 பேர் ஸ்குவாட் அறிவிச்சாங்க. பொல்லார்டுக்கு கெண்டைக்கால் காயம், மேட்ச் ஆடியே மாசக்கணக்குல ஆச்சு, அதனால அவர் பேர் இல்ல. லுகன்யோ ஆமுக்கு முட்டி, அவர் பேரும் இல்ல. ஆனா நிபுணர்கள் புருவம் தூக்கினது வேற இடத்துல: ஸ்க்ரம் ஹாஃப் (ஸ்க்ரம்ல இருந்து பந்தை எடுத்துக் கொடுக்குற 9-ம் நம்பர்) 4 பேர், முழுநேர ஹூக்கர் 2 பேர்தான். மூணாவது ஹூக்கரா டியான் ஃபூரி. அவர் ஒரு காலத்துல ஹூக்கர், பின்னாடி ஃப்ளாங்கரா (ஸ்க்ரம் ஓரத்துல நிக்குற ஃபார்வர்ட்) மாறினவர், தேசிய அணிக்கே 35 வயசுலதான் முதல் தடவை ஆடினார்.

உலகக் கோப்பையில ஸ்காட்லாந்து மேட்ச் முடிஞ்சு பயிற்சியில ஹூக்கர் மார்க்ஸுக்கு முட்டி போச்சு. உலகக் கோப்பை விதிப்படி, அடிபட்டவருக்கு பதிலா ஆள் கூப்பிடலாம், ஆனா அதே பொசிஷன் ஆளா இருக்கணும்னு கட்டாயம் இல்ல, போனவர் திரும்ப வர முடியாது, அவ்வளவுதான். எல்லாரும் ஒரு ஹூக்கரைக் கூப்பிடுவாங்கனு நினைச்சாங்க. அப்போ டீமை நடத்தின ராஸி எராஸ்மஸும் ஜாக் நீனாபரும் கூப்பிட்டது பொல்லார்டை!

கணக்கு என்னன்னா, பொல்லார்ட் இடத்துல ஆடின மேனி லிபாக் பந்தை கையில வச்சு ஆடும்போது அற்புதம், ஆனா கோலுக்கு உதைக்கிறதுல நம்பிக்கை வரல. நாக் அவுட் மேட்ச் எல்லாம் ஒரு பாயிண்ட், ரெண்டு பாயிண்ட்லதான் முடியும். இந்தக் கவலை நியாயம்தான்னு ஒரே வாரத்துல தெரிஞ்சுது, அயர்லாந்து கூட 13-8 தோல்வி, அன்னிக்கு லிபாக்கும் ஸ்க்ரம் ஹாஃப் ஃபாஃப் டி கிளர்க்கும் சேர்ந்து கிக்கில விட்ட பாயிண்ட் தோத்த வித்தியாசத்தை விட ஜாஸ்தி. 

அப்புறம் செமி ஃபைனல், மழை, இங்கிலாந்து. லிபாக்கை 31-வது நிமிஷத்துல வெளிய எடுத்துட்டாங்க. பார்க்கவே பாவமா இருந்துச்சு, காயம் எதுவும் இல்ல, ஆட்டம் அவர் கைல இல்ல அவ்வளவுதான். பொல்லார்ட் உள்ள வந்தார். ஆனாலும் 15-6னு பின்னாடி. பெஞ்ச்ல இருந்து லூஸ்ஹெட் ப்ராப் ஆக்ஸ் என்சே வந்து ஸ்க்ரமை உடைக்க ஆரம்பிச்சார், ஆர்.ஜி. ஸ்னைமன் ட்ரை (எதிரணி கோட்டுக்கு அப்பால பந்தை தரையில வைக்கிறது) போட்டார், கடைசியில ஒரு ஸ்க்ரம் பெனால்டி, ஆட்டம் முடிய மூணு நிமிஷம்கூட சரியா இல்ல, கிட்டத்தட்ட 50 மீட்டர் தூரத்துல இருந்து பொல்லார்ட் உதைச்சு 16-15. உதைச்சவர் பேர்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு, அந்த பெனால்டியை வாங்கிக் கொடுத்தது 17-ம் நம்பர் ஜெர்சி, என்சே.

ஃபைனல் நியூசிலாந்து கூட 12-11, நாலு பெனால்டி, 12 பாயிண்டும் பொல்லார்ட். இதோட உங்க நண்பர்கள் "பார்த்தியா, ராஸி ஜீனியஸ்"னு கதையை முடிச்சிருப்பாங்க. இங்கதான் நீங்க கொஞ்சம் நிறுத்திக் கேட்கணும். அதே ஃபைனல்ல ம்போனாம்பி ஆட்டம் ஆரம்பிச்ச சில நிமிஷத்துலயே முட்டியில அடிபட்டு வெளிய. 37 வயசு ஃபூரி, ஃப்ளாங்கரா வாழ்ந்துட்டு இருந்த மனுஷன், உலகக் கோப்பை ஃபைனல்ல கிட்டத்தட்ட 75 நிமிஷத்துக்கு மேல ஹூக்கரா ஆட வேண்டியதாச்சு. லைன்அவுட் (ஓரக்கோட்டைத் தாண்டின பந்தை திரும்ப உள்ள வீசுறது, அது ஹூக்கர் வேலை) தடுமாறுச்சு. அவருக்கும் ஏதாவது ஆகியிருந்தா ஸ்க்ரம் தள்ளாத ஸ்க்ரமா ஆகியிருக்கும், சவுத் ஆப்பிரிக்காவோட பெரிய ஆயுதமே அன்னிக்கு கையில இருந்திருக்காது. மூணாவது ஹூக்கரைக் கூப்பிடாததோட விலை அது, கொடுக்க வேண்டி வரல அவ்வளவுதான். என் கணிப்புல முடிவு சரி, ஆனா நூலிழையில சரி. ஜெயிச்சதை வச்சு மட்டும் செலக்‌ஷனுக்கு மார்க் போட்டா அடுத்த தடவை இதே சூதாட்டம் தோக்கும்போது அவங்களே வந்து திட்டுவாங்க.

7-1 விஷயமும் இதே மாதிரிதான். அது முதல்ல வந்ததே தற்செயல். 2023 ஆகஸ்ட்ல ட்விக்கன்ஹாம்ல நியூசிலாந்து கூட வார்ம் அப் மேட்ச், பெஞ்ச்ல இருந்த பேக் வில்லி லெ ரூ கடைசி நேரத்துல விலக, ஃபார்வர்ட் க்வாகா ஸ்மித்தை உள்ள போட்டாங்க, 7 ஃபார்வர்ட் ஆகிடுச்சு. 35-7னு ஜெயிச்சாங்க. அப்புறம் அயர்லாந்து கூட வேணும்னே வச்சாங்க, தோத்தாங்க. ஃபிரான்ஸ், இங்கிலாந்து கூட 5-3க்கு வந்துட்டாங்க, ஃபைனல்ல மறுபடி 7-1, மாற்று ஸ்க்ரம் ஹாஃப் கூட பெஞ்ச்ல கிடையாது! டி கிளர்க்குக்கு எதுவும் ஆனா விங்கர் கோல்பியை அங்க நிறுத்தலாம்ங்கிற கணக்கு.

இது எல்லா டீமாலயும் முடியாது. க்வாகா செவன்ஸ் (7 பேர் ஆடுற ரக்பி) ஆடி வந்தவர், தேவைப்பட்டா பேக் லைன்லயும் நிப்பார். டேமியன் வில்லெம்ஸ 10, 12, 15னு மூணு இடம் ஆடுவார். லெ ரூ 15, அவசரத்துக்கு 10. இப்படி ரெண்டு மூணு வேலை தெரிஞ்ச ஆளுங்க இருந்தாதான் ஒரே ஒரு பேக்கை வச்சுட்டு நிம்மதியா உட்கார முடியும். 2025-ல ஆன்ட்ரே எஸ்டர்ஹெய்சனை, அவர் பிறவி சென்டர் (நடுவுல ஆடுற பேக்), ஃப்ளாங்கராவும் ஆட வச்சாங்க பாருங்க, அது இந்த யோசனையோட அடுத்த கட்டம். அப்படிப்பட்ட ஆள் இல்லாத டீம் இதைக் காப்பி அடிச்சா ரெண்டு பேக்குக்கு அடிபட்டாலே ஒரு ஃப்ளாங்கர் விங்ல நின்னு முழிப்பார். உங்க இங்கிலீஷ் நண்பர் "நாமளும் 7-1 வைக்கணும்"னு சொன்னா, "உங்க க்வாகா யாரு"னு கேட்டுப் பாருங்க.

இன்னொரு விஷயம், "இவ்வளவு நல்லா ஆடுறவன் ஏன் டீம்ல இல்ல"னு கேட்குறதுக்கு முன்னாடி அவர் எந்த நாட்டு கிளப்ல ஆடுறார்னு பார்த்துடுங்க. பாதி சண்டை இதுலயே முடிஞ்சிடும். நியூசிலாந்து வெளிநாட்டுல ஆடுறவங்களை எடுக்கிறதில்ல, ரிச்சி மோவுங்கா 2023 உலகக் கோப்பை முடிஞ்சு ஜப்பான் போனதும் ஆல் பிளாக்ஸ் கதவு மூடிடுச்சு. இங்கிலாந்தும் அப்படித்தான், ஜாக் வில்லிஸோட கிளப் வாஸ்ப்ஸ் 2022-ல திவால் ஆனதால ஃபிரான்ஸ்ல துலூஸ் போனார், அங்க போய் கலக்குறார், ஆனா 2023 உலகக் கோப்பைக்கு அப்புறம் இங்கிலாந்து ஜெர்சி இல்ல. வேல்ஸ் வெளிய போறவங்களுக்கு 60 மேட்ச்னு வச்ச தகுதியை 2023-ல 25-ஆ குறைச்சாங்க. சவுத் ஆப்பிரிக்கா இப்ப யாரு எங்க ஆடினாலும் எடுக்குறாங்க, ஜப்பான், ஃபிரான்ஸ், இங்கிலாந்துனு. அவங்க ஆழம் பெருசா தெரியிறதுக்கு இதுவும் ஒரு காரணம். கோச் புத்திசாலிங்கிறது மட்டும் இல்ல.

ஸ்டேட்ஸ் பத்தி ரொம்ப சொல்ல வேண்டாம். எத்தனை மீட்டர் ஓடினான், எத்தனை டேக்கிள்னு வர்ற நம்பர் விங்கருக்கு ஏதாவது சொல்லும். டைட்ஹெட் ப்ராப்புக்கு ஒண்ணும் சொல்லாது. அவரைப் பார்க்கணும்னா மேட்சை ரீப்ளே போட்டு ஸ்க்ரம்ல அவரோட இடுப்பு தோளை விட மேல போகுதா, கால் பின்னாடி வழுக்குதானு மட்டும் கவனிங்க, ஆறு ஸ்க்ரம் பார்த்தா போதும், ஒரு பாதி மேட்ச்லயே கிடைச்சிடும்.

சவுத் ஆப்பிரிக்கா டீம் பத்தி பேசுற இடத்துல "கோட்டா" (திறமைக்கு இல்ல, நிறத்துக்காக எடுக்குறாங்கங்கிற பேச்சு)ங்கிற வார்த்தை எப்படியும் வரும், உங்க ஆபீஸ்லயும் வந்திருக்கும், நீங்க எழுதல. 1995-ல கோப்பை ஜெயிச்ச டீம்ல வெள்ளையர் அல்லாதவர் ஒரே ஒருத்தர், செஸ்டர் வில்லியம்ஸ். 2019 ஃபைனல்ல கேப்டன் கோலிசி, ட்ரை போட்ட ரெண்டு பேர் மபிம்பியும் கோல்பியும், மூணு பேருமே வெள்ளையர் இல்ல, அதுல மபிம்பியோடது உலகக் கோப்பை ஃபைனல்ல அந்த நாடு போட்ட முதல் ட்ரை. திறமை எப்பவும் இருந்துச்சு, பார்க்கத்தான் ஆள் இல்ல. யாராவது அந்த வார்த்தையை எடுத்தா வாக்குவாதமே வேண்டாம், "எந்த இடத்துக்கு, யாருக்கு பதிலா யாரு?"னு பேரைக் கேளுங்க. பெரும்பாலும் பேர் வராது.

அடுத்த டீம் அறிவிக்கிறதுக்கு முந்தின நாள் ஒண்ணு பண்ணுங்க. நாலு பேரும் ஆளுக்கொரு பேப்பர்ல 23 பேரை எழுதுங்க, நம்பரோட. அப்புறம் ஒருத்தர் பேப்பரை இன்னொருத்தர் வாங்கி ரெண்டு பேரை அடிச்சுடணும், எந்த ரெண்டு பேர்னாலும் சரி. உங்களுக்கு சவுத் ஆப்பிரிக்காகாரர் பேப்பர் கிடைச்சா ஹூக்கரை அடிச்சுட்டு லைன்அவுட்ல பந்து யாரு போடுறதுனு கேளுங்க, அப்புறம் ஸ்க்ரம் ஹாஃபை அடிங்க. பதில் சொல்ல அவர் எடுத்துக்கிற நேரத்தை வச்சே அந்த 23 எப்படின்னு தெரிஞ்சிடும். உங்க பேப்பர்ல அவர் எதை அடிச்சார்னு எனக்கும் எழுதி அனுப்புங்க.