அலமாரியில் கிடக்கும் காலி டப்பா

கேள்வி: என் அண்ணன் நாலு வருடம் சிறையில் இருந்துவிட்டு மூன்று மாதத்துக்கு முன் விடுதலையானார். உள்ளே போனதும் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்ததாம். என்னிடம் மட்டும் சொன்னார். அப்பா, அம்மா இல்லாததால் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். என் ஆறு வயது மகன் மாமா மடியிலேயே தூங்குகிறான். தட்டு, டம்ளர் தனியாக வைத்துவிட்டேன். அது போதுமா? சிறையில் இருந்தவர்களுக்கெல்லாம் இந்த நோய் வருமா? கணவரிடமும் மாமியாரிடமும் சொல்லிவிடலாமா? ஒரு மாத மாத்திரை கொடுத்து அனுப்பினார்களாம். அந்த டப்பா காலியாகி அலமாரியில் கிடக்கிறது. கேட்டால் "உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்கிறார்.
- பெயர் வெளியிட விரும்பாத தங்கை

பதில்: தட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். தட்டு, டம்ளர், கழிப்பறை, மடியில் தூங்குவது எதிலும் எச்.ஐ.வி. பரவாது. அவர் மாத்திரை போட்டாலும் பரவாது, போடாவிட்டாலும் பரவாது. சவர பிளேடும் பல் துலக்கும் பிரஷ்ஷும் ஆளுக்கொன்றாக இருக்கட்டும். அந்தத் தனித் தட்டை இன்றைக்கே மற்ற தட்டுகளோடு கலந்துவிடுங்கள்.

இனி அந்தக் காலி டப்பா. ஏம்மா, மற்றதையெல்லாம் கேள்வியாகக் கேட்டுவிட்டு, இதை மட்டும் போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்களே! விடுதலையாகி மூன்று மாதம் ஆகிறது. கொடுத்தனுப்பியது ஒரு மாதத்துக்கு. அப்படியென்றால் இரண்டு மாதமாக அவர் மாத்திரையே போடவில்லை. டம்ளரைப் பிரித்து வைக்கத் தெரிந்த உங்களுக்கு இந்தக் கணக்குப் போடத் தெரியவில்லையா?

"உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்ற வசனத்தைக் கடிதம் கடிதமாகப் படித்துச் சலித்துவிட்டேன். மாத்திரையை நிறுத்தினால், அடங்கிக் கிடந்த வைரஸ் சில வாரங்களிலேயே மறுபடி பெருக ஆரம்பித்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே எதிர்ப்புச் சக்தி கரைந்துகொண்டிருக்கும். விட்டுவிட்டுப் போட்டால் மருந்துக்கே கட்டுப்படாத வைரஸ் உருவாகலாம். கூடவே ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்றும் இருந்தால், சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவது கல்லீரலையும் பாதிக்கும்.

இது உங்கள் அண்ணன் ஒருவர் கதை இல்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலச் சிறைகளில் எச்.ஐ.வி. சிகிச்சை பெற்று, 2004 முதல் 2007 வரை விடுதலையான 2,115 பேரைப் பற்றி ஓர் ஆய்வு செய்தார்கள். வெளியே வந்து 10 நாளுக்குள் மருந்து வாங்கியவர்கள் 5 சதவீதம். 60 நாளாகியும் 30 சதவீதம்தான். உள்ளே இருக்கும்போது மாத்திரை நேரத்துக்குக் கைக்கு வந்துவிடும். வெளியே வந்தால் புது ஆஸ்பத்திரி, புது டாக்டர். "இதுவரை எங்கே காட்டினீங்க?" என்று கேட்டால் "ஜெயிலில்" என்று சொல்ல வேண்டும். அந்தக் கூச்சத்திலேயே பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள். விடுதலையான பிறகும் சிகிச்சை அறுபடக் கூடாது என்பதற்காகத்தான் கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் ஐ.நா.வின் மண்டேலா விதிகள் எச்.ஐ.வி.யைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. விதி இருந்து என்ன? கையைப் பிடித்து அழைத்துப்போக வீட்டில் ஆள் வேண்டும். பெற்றவர்கள் இல்லை என்றால் அந்த ஆள் நீங்கள்தான். சோறு போட்டதோடு கூடப்பிறந்தவள் கடமை தீர்ந்துவிடாது.

சிறையில் இருந்தவர்களுக்கெல்லாம் வருமா என்கிறீர்கள். 2014இல் உலகச் சிறைகளில் எந்த ஒரு நாளிலும் இருந்த சுமார் 1 கோடியே 2 லட்சம் பேரில் 3.8 சதவீதத்தினருக்கு எச்.ஐ.வி. இருந்ததாக ஒரு மதிப்பீடு. வெளியே இருப்பதைவிட அதிகம்தான், ஆனால் எல்லோருக்கும் இல்லை. ஊசியைப் பகிர்வதாலும் ஆணுறை இல்லாத உறவாலும் உள்ளே பரவுவதும் உண்டு. ஆனால் அண்ணனுக்கு உள்ளே போனதுமே தெரிந்துவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் இந்த விசாரணை எதற்கு?

நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். "போய்ட்டு வாங்க" என்று அனுப்பாமல் கூடப் போங்கள். டப்பாவைத் தூக்கிப்போடாதீர்கள், அதில் ஒட்டியிருக்கும் மருந்துப் பெயர் டாக்டருக்கு வேண்டும். சிறை மருத்துவமனைச் சீட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அதற்காகக் காத்திருக்காதீர்கள். மாத்திரை நின்று எவ்வளவு நாளாயிற்று என்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். இருமல், காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவது எது இருந்தாலும் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது காசநோய், அது சிறைகளில் எளிதில் பரவும். மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, வைரஸ் பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம்கூட அடுத்தவருக்குத் தொற்றாது. நாளைக்கு அவருக்குக் கல்யாணப் பேச்சு வந்தாலும் வழி இருக்கிறது. (பெண்ணிடம் சொல்லிவிட்டுத்தான். அதில் எனக்கு இரண்டாம் பேச்சு கிடையாது.)

கணவரிடம் சொல்வதானால் முதலில் அண்ணனிடம் கேளுங்கள், அவர் சரி என்றால் சொல்லுங்கள். உங்கள் மாமியாருக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.