தடித்த இதயச் சுவர் மெலியுமா?

கேள்வி: என் வயது 54. ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். எட்டு வருடமாக பி.பி. இருக்கிறது. அட்டினலால் 50 மி.கி. போடுகிறேன். தலை சுற்றினாலோ பின்மண்டை வலித்தாலோ தவறாமல் போடுவேன். மற்ற நாட்களில் விட்டுப்போவதும் உண்டு. போன மாதம் மாடி ஏறும்போது மூச்சு வாங்கியதால் எக்கோ எடுத்தார்கள். 'இடது கீழறைச் சுவர் 13 மி.மீ., எல்.வி.எச்., கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன், இ.எஃப். 62 சதவீதம்' என்று வந்திருக்கிறது. டாக்டர் இப்போது டெல்மிசார்ட்டான் 40, ஆம்லோடிபின் 5 எழுதியிருக்கிறார். இதயம் வீங்கிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள். மாத்திரையில் இது சரியாகுமா? இந்த மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்கிறார்களே?

பதில்: முதலில் வீட்டில் சொல்லுங்கள்: இது வீக்கம் இல்லை, தடிப்பு. எல்.வி.எச். என்றால் அதுதான். வீங்கிய இதயம் என்றால் அறை பெரிதாகிச் சுவர் தளர்ந்து போயிருக்கும். உங்களுக்கு அறை அப்படியேதான் இருக்கிறது, சுவர்தான் கனத்திருக்கிறது. ஆண்களுக்கு இந்தச் சுவர் 10 மி.மீ. வரை இருக்கலாம். 11 முதல் 13 வரை லேசான தடிப்பு என்போம். நீங்கள் அந்த எல்லையின் ஓரத்தில் நிற்கிறீர்கள்.

ரத்தக் குழாயில் அழுத்தம் கூடும்போது இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் அதை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது. பாரத்தைப் பகிர்ந்துகொள்ளத் தசை நார்கள் பருக்கின்றன. அதோடு நின்றால் பரவாயில்லை. தசை பருக்கும் அளவுக்கு அதற்கு ரத்தம் கொடுக்கும் நுண்குழாய்கள் பெருகுவதில்லை. நார்களுக்கு இடையில் தழும்பு போன்ற கொலாஜனும் படிகிறது. அப்படி விறைத்த சுவர் நன்றாகச் சுருங்கும், ஆனால் எளிதில் விரியாது. டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன் என்பது இதுதான். ரத்தம் உள்ளே நிரம்பத் தடுமாறி, பின்னால் நுரையீரல் பக்கம் அழுத்தம் ஏறுகிறது. மாடிப்படியில் நீங்கள் உணர்ந்த மூச்சு வாங்கல் இதனாலாக இருக்கலாம். இ.எஃப். 62 என்பது சுருங்கும் திறனை மட்டும் சொல்லும் எண். அது நன்றாக இருக்கிறதே என்று அயர்ந்துவிட வேண்டாம். (உங்கள் வயதில் மூச்சு வாங்கினால் இதய ரத்தக் குழாய் அடைப்பு இருக்கிறதா என்றும் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.)

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது 13 மி.மீ. இல்லை. 'தலை சுற்றினால் தவறாமல் போடுவேன்' என்ற வரிதான். பெரும்பாலோருக்கு பி.பி. ஏறுவது தெரியவே தெரியாது. டாக்டரைப் பார்க்கப் போகும் அன்று காலையில் மாத்திரை போட்டு 130/80 காட்டுவது, கல்லாவில் அன்றைக்கு இருக்கும் ரொக்கம் மாதிரி. எக்கோ எட்டு வருடப் பேரேடு. மாத்திரை விட்டுப்போன நாட்களெல்லாம் அதில் பற்று எழுதப்பட்டிருக்கின்றன.

நல்ல செய்தி, இந்தச் சுவர் மெலியும். எல்லா மாத்திரைகளும் ஒரே அளவில் மெலிய வைப்பதில்லை என்பதால்தான் உங்கள் டாக்டர் மாற்றியிருக்கிறார். 80 ஆய்வுகளைச் சேர்த்து 2003-ல் அலசியபோது, டெல்மிசார்ட்டான் வகை மருந்துகள் இடது கீழறைத் தசையின் எடையைச் சுமார் 13 சதவீதம் குறைத்திருந்தன. ஆம்லோடிபின் வகை 11, எனலாப்ரில் வகை 10, நீர் மாத்திரைகள் 8, அட்டினலால் வகை 6. இ.சி.ஜி.யில் தடிப்பு தெரிந்த 9,193 பேரை வைத்து நடந்து 2002-ல் வெளியான 'லைஃப்' ஆய்வில் டெல்மிசார்ட்டான் வகையைச் சேர்ந்த லோசார்ட்டானும் அட்டினலாலும் நேருக்கு நேர் மோதின. இரண்டு பிரிவிலும் பி.பி. ஏறக்குறைய ஒரே அளவு இறங்கியது. ஆனால் லோசார்ட்டான் பிரிவில் தடிப்பு கூடுதலாகக் குறைந்தது, பக்கவாதம் 25 சதவீதம் குறைவு. காரணம், தசையைப் பருக்க வைப்பது அழுத்தம் மட்டும் இல்லை. ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஹார்மோனும் அதைத் தூண்டுகிறது, இந்த மருந்துகள் அதன் வாயை அடைக்கின்றன. மினாக்ஸிடில் என்று ஒரு மருந்து உண்டு, பி.பி.யை நன்றாக இறக்கும், ஆனால் நரம்பு மண்டலத்தைக் கிளப்பிவிடுவதால் சுவர் மெலிவதில்லை.

அதற்காக அட்டினலாலைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் படபடப்பும் நெஞ்சுவலியும் வரலாம். படிப்படியாகக் குறைப்பது எப்படி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கிட்னி விஷயத்தில் ஊரில் பேசுவது தலைகீழ். கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத பி.பி. டெல்மிசார்ட்டான் தொடங்கியதும் கிரியாட்டினின் (கிட்னி வேலை செய்யும் அளவைக் காட்டும் ரத்த அளவு) கொஞ்சம் ஏறலாம், பொட்டாசியமும் கூடலாம். அதனால் இரண்டு வாரத்தில் இரண்டையும் ரத்தத்தில் பாருங்கள். கிரியாட்டினின் 30 சதவீதத்துக்குள் ஏறி நின்றுவிட்டால் பொதுவாக நிறுத்தத் தேவையில்லை. மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்லோஃபினாக் மாதிரி மாத்திரைகள்தான் வினை, பி.பி.யையும் ஏற்றும், கிட்னியையும் பதம் பார்க்கும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள், உங்களுக்கு அது வேண்டாம். இந்துப்புக்கு மாறினாலும் பயனில்லை, அதுவும் சோடியம் குளோரைடுதான். எந்த உப்பானாலும் நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சின்ன ஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அதற்குள் அடக்கம். ஆம்லோடிபினால் கணுக்கால் வீங்கினால் பயந்து நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். இன்னொன்று, கர்ப்பிணிகளுக்கு டெல்மிசார்ட்டான் ஆகாது. வீட்டில் யாருக்காவது பி.பி. என்று உங்கள் அட்டையிலிருந்து பிய்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

பி.பி. இருந்தும் சுவர் இன்னும் தடிக்காத வாசகர்களுக்கும் ஒரு சேதி. 2015-ல் வெளியான அமெரிக்காவின் 'ஸ்பிரிண்ட்' ஆய்வில், மேல் அழுத்தத்தை 140-க்குக் கீழே வைத்தவர்களைவிட 120-க்குக் கீழே வைத்தவர்களுக்குப் புதிதாகத் தடிப்பு வருவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆனால் அவர்களில் மயக்கமும் கிட்னித் தொந்தரவும் சிலருக்குக் கூடின; அதனால் எல்லோரையும் 120-க்கு இறக்க நான் அவசரப்படுவதில்லை. உங்களுக்கு 130/80-க்குக் கீழே இருந்தால் இப்போதைக்குப் போதும். வீட்டிலேயே மேல்கையில் கட்டும் மெஷின் வாங்கி, காலையில் மாத்திரை போடும் முன்பும் இரவிலும் பார்த்துக் குறித்து வையுங்கள். பலமாகக் குறட்டை விடுகிறீர்களா என்று மனைவியிடம் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபட்டால் மாத்திரைக்கு பி.பி. எளிதில் அடங்காது.

அடுத்த எக்கோவை ஒரு வருடம் கழித்து, முடிந்தால் அதே இடத்தில் எடுங்கள். ஒரு மி.மீ. வித்தியாசம் எடுப்பவர் கையிலேயே வரக்கூடும். அதற்குள் நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, மயங்கி விழுந்தாலோ ஒரு வருடம் எல்லாம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.