அமீன் குருணை எத்தனை நாள் உழைக்கும்? கேள்வி பதில்

கரியமில வாயுவைப் பிடிக்கும் அமீன் குருணைகளைச் சோதிப்பதுதான் என் வேலை. அமீன் என்பது நைட்ரஜன் உள்ள ஒரு வகைச் சேர்மம்; கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும், சூடாக்கினால் விட்டுவிடும். இப்படி ஒருமுறை பிடித்து விடுவதுதான் ஒரு சுழற்சி. நம் மாவட்டத்து ஆட்கள் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

நாகர்கோவில், எம்.எஸ்சி. மாணவி: சிலிக்காவில் பாலிஎத்திலீன்இமின் என்ற அமீன் பாலிமரை ஏற்றி, நைட்ரஜன் ஓட்டத்தில் சூடாக்கி, பத்து சுழற்சி ஓட்டினோம். பிடிப்பு குறையவே இல்லை. நிலையானது என்று எழுதலாமா அண்ணே?

எழுதாதே மக்கா. நைட்ரஜனில் ஆக்சிஜன் கிடையாது, இந்தப் பொருளைக் கொல்வதோ சூடும் ஆக்சிஜனும் சேர்ந்துதான், அப்புறம் அந்தச் சோதனை எதைக் காட்டும்? அதே மாதிரியைக் காற்றோட்டத்தில் 100 டிகிரிக்கு மேல் ஒரு நாள் வைத்துவிட்டு மறுபடி அளந்து பார். பாலிஎத்திலீன்இமினில் இரண்டு கார்பன் இடைவெளியில் அமீன்கள் நெருங்கி இருக்கின்றன, அதிலும் இரண்டாம் நிலை அமீன்கள் (நைட்ரஜனில் இரண்டு கார்பன் ஒட்டியவை) ஆக்சிஜனிடம் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். அமைடு, இமின் என்ற வேறு சேர்மங்களாக மாறியபின் கரியமில வாயு வந்தால் பிடிக்க ஆள் இல்லை. மூன்று கார்பன் இடைவெளி உள்ள பாலிபுரொப்பிலீன்இமின் இதைவிட நன்றாகத் தாங்கும்.

நிறம் மஞ்சளாகிப் பழுப்பாகும். அகச்சிவப்பு நிறமாலையில் 1670 செ.மீ⁻¹ அருகே புதிய முகடு எழும். நைட்ரஜன் அளவை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதே, அமைடிலும் நைட்ரஜன் இருக்கிறது, அளவு பெரிதாகக் குறையாமலே பிடிப்பு போய்விடும்.

குலசேகரம், ரப்பர் விவசாயி: கெட்டுப்போனால் வாடை வருமா?

வரும். சிதையும்போது அம்மோனியா வெளியேறும், ரப்பர் பால் உறையாமல் இருக்க நீங்கள் ஊற்றுவதும் அதுதானே. இன்னொன்றும் உங்களுக்குப் பழக்கமானது: தாமிரமும் மாங்கனீசும் கொஞ்சம் கலந்தாலே ரப்பர் கெட்டுவிடும் என்பார்களே, அதுபோல இங்கே துளி இரும்போ தாமிரமோ கலந்திருந்தால் ஆக்சிஜனின் வேலை வேகமாகிவிடும். அதனால் உலோகத்தைக் கட்டிப்போடும் சேர்மங்களையும் பாஸ்பேட்டுகளையும் கலந்து பார்க்கிறார்கள், நல்ல பலன் தெரிகிறது.

குளச்சல்: நம்ம ஊர் ஈரக்காற்று இதை நாசமாக்காதா?

பெரும்பாலும் நல்லதுதான் செய்யும். வறண்ட நிலையில் ஒரு கரியமில மூலக்கூறுக்கு இரண்டு அமீன் செலவாகும், ஈரம் இருந்தால் அந்தக் கணக்கு நமக்குச் சாதகமாக மாறலாம். வறண்ட கரியமில வாயுவிலேயே சூடாக்கினால் அமீன்கள் யூரியாவாகப் பிணைந்து செத்துப்போகும், ஈரம் அதைத் தடுக்கும். ஆனால் நீராவி வேறு கதை. சிலிக்காவின் நுண்துளைகள் நீராவியில் இடிந்துவிழும், வெறுமனே ஊறவைத்த அமீன் கழுவியும் போய்விடும். ஒட்டிய தண்ணீரை விரட்டவும் வெப்பச் செலவு உண்டு.

தக்கலை, ஆசிரியர்: தூத்துக்குடி அனல்மின் நிலையம் மாதிரி இடத்துப் புகைக்கு இது ஆகுமா?

புகையைக் கழுவிய பிறகுதான் சார். கந்தக டை ஆக்சைடு அமீனில் ஒட்டினால் வழக்கமான சூட்டுக்கு விடாது.

ஆரல்வாய்மொழி: முப்பந்தல் காற்றாலை கரண்டை வைத்து, காற்றிலிருந்தே பிடிக்கலாமா?

ஆசை எனக்கும் உண்டு. காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம்தான், ஆக்சிஜனோ 21 சதவீதம், அதனால் ஒழுங்கு முக்கியம்: முதலில் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்க வேண்டும், பிறகுதான் சூடாக்க வேண்டும், ஆறிய பின்தான் திறக்க வேண்டும். காற்று நின்று கரண்டு போகும் நேரத்தில் சூடான குருணைப் படுகை திறந்து கிடந்தால் சில மணி நேரத்திலேயே பெரிய சேதம் வந்துவிடும், ஆகவே வால்வு தானாக மூடிக்கொள்ளும்படி முதலிலேயே வடிவமைக்க வேண்டும்.

மார்த்தாண்டம்: சரி, எதை வாங்குவது?

முதல்நிலை பென்சைல் அமீன் உள்ள பாலிஸ்டைரீன் ரெசினில் தொடங்குங்கள், லீவாட்டிட் 1065 என்ற பெயரில் விற்கும் ரெசின் போல. அமீன் வேதிப்பிணைப்பில் இருப்பதால் கழுவிப் போகாது, ஆக்சிஜனையும் ஓரளவு தாங்கும். ஆனால் காற்றில் 120 டிகிரியில் வைத்தால் அதுவும் போய்விடும். விற்பவரிடம் ஒரு கிராம் எவ்வளவு பிடிக்கும் என்பதோடு நிறுத்தாதீர்கள், ஆக்சிஜன் உள்ள ஓட்டத்தில் எத்தனை சுழற்சி ஓட்டினார்கள், எந்த வெப்பநிலையில், முடிவில் எவ்வளவு மிஞ்சியது என்று எழுத்தில் கேளுங்கள்.