சிரப் காய்ச்சும் மகளுக்கு மேனேஜ்மென்ட் சீட் எதற்கு?

கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு சிறு தேயிலை விவசாயி எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கோவையில் இருக்கும் தாய்மாமன் ஒரு பொறியியல் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்து, முன்பணம் கட்டச் சொல்லி அவசரப்படுத்துகிறார். மகளோ கொஞ்ச காலமாக வீட்டில் சாக்லேட் சிரப் காய்ச்சி இரண்டு பேக்கரிகளுக்குக் கொடுத்து வருகிறாள். "அடுப்படியில் நிற்கவா இவ்வளவு படித்தாள்?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்களாம்.

ஐயா, பச்சை இலை விலையை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர் மகளுக்கு நிலையான சம்பளம் வேண்டும் என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள். கம்ப்யூட்டர் மேல் ஆசை என்று உங்கள் மகள் சொன்னதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆசை மாமாவுடையது. நான்கு வருடம் வகுப்பில் உட்காரப் போகிறவள் அவள்.

நீங்கள் அனுப்பிய அவளுடைய நோட்டுப் பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: "104 டிகிரியில் இறக்கினேன், மறுநாள் பாட்டிலில் இறுகிவிட்டது. 98-ல் இறக்கினால் சரியாக வருகிறது." இதை மாமாவிடம் காட்டுங்கள். நூற்றுக்கு 65 பங்கு சர்க்கரை உள்ள பாகு கடல் மட்டத்தில் ஏறக்குறைய 104 டிகிரியில் கொதிக்கும். கோத்தகிரி உயரத்தில் தண்ணீரே சுமார் 94-ல் கொதித்துவிடுகிறது, ஊட்டியில் 93-க்கும் சற்றுக் கீழே. சமவெளிக்காரர் எழுதிய அளவை நம்பி இங்கே 104 வரை காய்ச்சினால் சர்க்கரை நூற்றுக்கு எண்பதுக்குப் போய்விடும். ஆறியதும் இறுகாமல் என்ன செய்யும்? யாரும் சொல்லித்தராமல் அதைக் கண்டுபிடித்துத் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள். எந்தத் துறையில் இந்தக் குணம் தானாக வருகிறதோ, அந்தத் துறையில்தான் பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டும்.

பொறியியல் கலந்தாய்வு, நீட் பற்றியெல்லாம் ஊரே பேசுகிறது, இங்கே வேண்டாம். அவள் செய்யும் வேலைக்குள் எவ்வளவு படிப்பு இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.

சர்க்கரை 340 கிராம், லிக்விட் குளுக்கோஸ் 75, கோகோ பவுடர் 90, தண்ணீர் 240, ஒரு சிட்டிகை உப்பு. கோகோவில் பத்து சதவீதத்துக்கு மேல் கொழுப்பு இருப்பதால் தண்ணீரில் நேராகக் கொட்டினால் மிதந்து கட்டி தட்டும். சலித்து, சர்க்கரையோடு உலர்வாகவே கலந்து, கொஞ்சம் வெந்நீர் விட்டு முதலில் விழுதாக்க வேண்டும். மீதித் தண்ணீரும் குளுக்கோஸும் அப்புறம். கோகோ நுரைத்துப் பொங்கும், ஆகவே பாத்திரம் பாகின் மூன்று மடங்கு உயரமாவது இருக்கட்டும். மிதமான தீயில் அடி தொட்டுக் கிளற வேண்டும், அடிப்பிடித்த கசப்பை எதுவும் மறைக்காது.

எப்போது இறக்குவது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கோகோவில் உள்ள மாவுச்சத்து சூட்டில் ஊறி ஆறும்போது கெட்டியாகும். அடுப்பில் நீர்த்துத் தெரிகிறதே என்று கம்பிப் பதம் வரும்வரை காய்ச்சினால் சிரப் ஊற்ற வராது. தெர்மாமீட்டரை விட இங்கே தராசு நம்பகமானது. பாத்திரத்தின் எடையைக் கழித்துப் பார்த்தால் தொடக்கத்தில் 745 கிராம் இருக்கும். 705-க்கு வந்ததும் இறக்கிவிடலாம். மலையானாலும் சமவெளியானாலும் இந்தக் கணக்கு மாறாது. வெனிலா எசன்ஸ் ஒரு டீஸ்பூன், இறக்கிய பிறகு. கொதிக்கும்போது விட்டால் வாசனை ஆவியோடு போய்விடும்.

குளுக்கோஸ் எதற்கு என்று உங்கள் வீட்டம்மா கேட்கலாம். 20 டிகிரியில் நூற்றுக்கு 67 வரை கரைந்து நிற்கும் சர்க்கரை, பூஜ்யத்தை நெருங்கும்போது 64-தான் நிற்கும். மார்கழிக் குளிரில் வெறும் சர்க்கரைப் பாகு பாட்டில் கழுத்தில் மீண்டும் சர்க்கரை மணிகளாகப் பூத்துவிடுவது இதனால்தான். குளுக்கோஸ் அதைத் தடுக்கிறது.

பூஞ்சை இன்னொரு தொல்லை. வெதுவெதுப்பான சிரப்பை ஊற்றி மூடினால் மூடிக்கு அடியில் நீர் கோத்துச் சொட்டும். மேல்பரப்பு நீர்த்துப்போன இடத்தில் பூஞ்சை பிடிக்கும். 85 டிகிரிக்குக் குறையாமல் ஊற்றி, மூடி, சில நிமிடம் கவிழ்த்து வைக்க வேண்டும். இங்கே கொதிநீரின் சூடு குறைவு என்பதால், சிரப் ஊற்றும் முன் காலி பாட்டிலை இருபது நிமிடமாவது தண்ணீரில் கொதிக்க விடட்டும். திறந்த பாட்டில் பிரிட்ஜில்தான் இருக்க வேண்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் கட்டுப்பாடு கடுமை, ஆகவே கண்ணாடி பாட்டிலின் விலையையும் கணக்கில் சேர்த்துத்தான் விற்பனை விலை வைக்க வேண்டும். கோகோ விலையும் ஒரே நிலையில் நிற்பதில்லை: கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் விளைச்சல் சரிந்ததால் 2024-ல் உலகச் சந்தையில் டன் 10,000 டாலரைத் தாண்டியது. ஒவ்வொரு கொள்முதலுக்கும் புதுக் கணக்கு போடப் பழகட்டும்.

இதையெல்லாம் முறையாகப் படிக்க இடம் இருக்கிறது. தஞ்சாவூரில் ஒன்றிய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிப்டெம், கோவையில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் இரண்டிலும் உணவுத் தொழில்நுட்பத்தில் பி.டெக் உண்டு. மதிப்பெண் எட்டாவிட்டால் ஐ.டி.ஐ.-யில் ஒரு வருட பேக்கர், கன்பெக்ஷனர் பிரிவைத் தாழ்வாக நினைக்காதீர்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும், செலவு மிகக் குறைவு. கூடலூர் வழியாகப் போனால் மைசூரு. அங்குள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் தொழில்முனைவோருக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. பதப்படுத்தும் பொருள் எவ்வளவு சேர்க்கலாம், கெடுநாளை எப்படிச் சோதித்து நிர்ணயிப்பது என்பதை அங்கே கற்கலாம். யூடியூப் பார்த்துச் செய்யக் கூடாத வேலை அது.

பேக்கரிக்கு விற்பவள் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவை இப்போதே எடுக்க வேண்டும், இதில் தயவு தாட்சண்யம் இல்லை. சிறு தயாரிப்பாளருக்கு அடிப்படைப் பதிவு போதும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். லேபிளில் பொருட்கள், நிகர எடை, தயாரித்த தேதி, பதிவு எண், சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி எல்லாம் இருக்க வேண்டும். பின்னால் இயந்திரம் வாங்கும் கட்டம் வந்தால், 2020-ல் தொடங்கிய பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனத் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. அந்தச் சமயத்தில் திட்டம் நடப்பில் இருக்கிறதா என்று ஊட்டி மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிப் பணம். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி ஈடு கேட்கும். உங்களிடம் ஈடாக இருப்பது அந்தத் தேயிலைக் காடு ஒன்றுதான். படிக்கும் காலத்தில் தவணை இல்லை என்பார்கள், ஆனால் வட்டி அப்போதும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். பிடிக்காத படிப்புக்காகப் பட்டாவை வங்கியில் வைக்க நான் சம்மதம் சொல்ல மாட்டேன். மாமாவிடம் மரியாதையாகவே பேசுங்கள்: நான்கு வருடக் கட்டணமும் விடுதிச் செலவும் எழுத்தில் வேண்டும், பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பும் என்பதும் எழுத்தில் வேண்டும், கடனுக்கு ஜாமீன் கையெழுத்து அவர் போடுவாரா என்றும் கேளுங்கள்.

அதற்குள் மகள் ஒரே அளவில் பத்து முறை காய்ச்சட்டும். ஒவ்வொரு முறையும் இறக்கிய எடையையும் தேதியையும் குறித்து, ஒரு சிறு பாட்டில் எடுத்து வைத்து வாரம் ஒருமுறை பூத்திருக்கிறதா, பூஞ்சை தெரிகிறதா என்று பார்த்து எழுதட்டும். எந்தப் பயிற்சிக்குச் சேரப் போனாலும் சான்றிதழ்களோடு அந்த நோட்டையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.